மிக்சிக்குள் போன புது இனம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரும்புலியூரில் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு அப்பாலிருந்த பாறை மேட்டில் கள்ளிமுளையான் ஒன்றைப் பார்த்தேன். சதைப்பிடிப்பான தண்டு, நுனியில் நட்சத்திரப் பூ. அந்தப் பூவின் நிறம் என்னிடமிருந்த ஒரே தாவரவியல் புத்தகத்தில் இல்லை. ஆகவே புது இனம்! உடனே சுற்றுமுற்றும் பார்த்தேன். எனக்கு முன்னால் வேறு எவனாவது பெயர் வைத்துவிட்டால்? மேட்டில் ஓர் ஆடு மட்டும்தான் நின்றது. அதன் பார்வையும் சரியில்லை.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நண்பனிடம் ஓடினேன். என் பெயரையே வைக்கலாமா என்றேன்.

“தன் பேரைத் தானே வெச்சுக்கினா சிரிப்பாங்கடா மச்சான். பொண்டாட்டி பேரை வை, சோறாவது ஒழுங்கா கிடைக்கும். ஆனா செடியைக் காயவெச்சு தாவரக் காப்பகத்துல குடுக்கணும், லத்தீன்ல வர்ணனை எழுதணும், அச்சுல வரணும். யாருது முதல்ல அச்சாகுதோ அவன் வெச்சதுதான் பேரு.”

“காயவைக்கிறதுதானே, பேப்பர்ல வெச்சு அழுத்திடறேன்.”

“சாவாதுடா. உள்ளயே துளிர் விடும். முதல்ல கொதிக்கிற தண்ணில போட்டு எடு.”

பெயர் விஷயத்தை அச்சில் வந்தபின் சொல்லி அசத்தலாமென்று மனைவியிடம் மூச்சு விடவில்லை. செடியைப் பறித்துவந்து வெந்நீரில் போட்டு வடிதட்டில் வைத்துவிட்டு, பழைய பேப்பர் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். திரும்பினால் சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயோ, அதை ஏன் அரைச்சே?”

“வேகவெச்சு வடிகட்டி வெச்சிருந்தீங்களே? கள்ளிமுளையான் துவையலுக்குத்தான்னு புளி, மிளகாய் வெச்சு அரைச்சுட்டேன்.”

“அது துவையல் இல்லம்மா, அது உன் பேரு!”

நாற்காலியில் சரிந்து, விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

“என் பேருல கொஞ்சம் உப்பு போதலை.”

உலகத்திலேயே ஒரே செடி, அதையும் இட்லிக்குத் தொட்டுக்கொண்டாகிவிட்டது என்று விடியும்வரை புரண்டேன். காலையில் நண்பனை இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனால், பாறைக்குப் பின்புறம் புதர் புதராக அதே செடி, அதே பூ. நண்பன் ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தான்.

“நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு வெள்ளைக்காரன் பேர் வெச்சுட்டான்டா. பூ நிறம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அவ்ளோதான்.”

வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் அந்த லத்தீன் பெயரைக் கேட்டு வாங்கிச் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நாக்கு புரண்டது. மறுபடி முயன்றாள். சிரிப்பு வந்துவிட்டது.

“இதுக்கு என் பேரே தேவலாம்ங்க,” என்றாள்.