துப்பாக்கி அவன் தோளில், தோட்டா அப்பா இடுப்பில்

எங்கள் அப்பா துப்பாக்கி வாங்கியது காட்டுப் பன்றிகளை விரட்டுவதற்காக என்று லைசென்ஸ் மனுவில் எழுதியிருந்தது. எழுதியவள் நான். பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு இருந்த ஆகப் பெரிய காட்டு விலங்கு முயல். அதுவும் ஆளைக் கண்டால் கடலைக்காட்டுக்குள் ஓடிவிடும். அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் மலையாளத்தில் எழுதினேன். கூட்டம் கூட்டமாகப் பன்றி வருகிறது என்று போடச் சொன்னார், போட்டேன். கடைசியில், தற்காப்புக்கும் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டு மாடுகளுக்குக்கூட அது தெரியும்.

அது நிலச் சட்டம் வந்த சமயம். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கும் கூலிக்காரருக்கு அந்தக் குடிசையும் அதைச் சுற்றிப் பத்து சென்ட் இடமும் சொந்தம் என்று சொன்னது சட்டம். எங்கள் கிணற்று மேட்டில் அப்படி ஒரு குடிசை இருந்தது. எங்கள் பண்ணையாளும் அவன் பெண்டாட்டியும் அதில் இருந்தார்கள். அவன் அப்பனும் அந்தக் குடிசையில்தான் செத்தான். அன்று நாங்கள் அவனை அவன், இவன் என்றுதான் பேசினோம். இப்போது மரியாதை வைத்து எழுதி நல்லவள் ஆகப் பார்க்க எனக்கு மனமில்லை.

அவன் மனுக் கொடுத்திருந்தான். செங்கொடி பிடித்தவர்கள் வந்து எழுதிக் கொடுத்தார்கள், இவன் கைநாட்டு வைத்தான். நாற்பது ஏக்கரில் பத்து சென்ட். அதற்கு அப்பா பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், யாரோ அவர் கழுத்தைக் கேட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். மேற்கே எங்கேயோ ஒரு பெரிய வீட்டில் புகுந்து நிலக்காரரை வெட்டிவிட்டார்கள் என்று பேச்சு வந்ததும் எங்கள் வீடே ஆயுதசாலை ஆனது. அப்பாவின் தலையணைக்கு அடியில் சூரிக்கத்தி. சித்தப்பா பெட்டிக்குள் வைத்திருந்த வேல்கம்பை எடுத்துத் துருவைத் தேய்த்து மூலையில் சாத்தினார், அது இரண்டு முறை அவர் காலிலேயே விழுந்தது. அம்மா கதவுக்குப் பின்னால் ஒரு டப்பா நிறைய மிளகாய்ப் பொடி வைத்தாள். சமையலறையில் பொடி தீர்ந்துபோன ஒரு நாள் அதை எடுத்துக் குழம்பு வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் உருப்படியாகப் பயன்பட்ட ஆயுதம் அது ஒன்றுதான்.

துப்பாக்கி ஒற்றைக் குழல். காலையில் ஆட்கள் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் நேரம் பார்த்து அப்பா அதை வெளியே எடுத்து வருவார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைப்பார். யாரையும் பார்க்க மாட்டார். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று மட்டும் பார்ப்பார். பண்ணைக்காரரை எங்கள் பக்கம் பண்ணாடி என்பார்கள். ஒரு நாள் அந்தக் கிணற்று மேட்டு ஆள் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுச் சொன்னான்.

"ஏனுங்க பண்ணாடி, இதைப் பாத்தா நம்ம முயலு ஊரை உட்டே போயிருமுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வராது, பல் வலிக்காரரைப் போல வாயைத் திறந்து வைத்திருந்தார். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

இனிமேல்தான் எங்களைப் போன்ற பண்ணைக்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற காரியம் வருகிறது. எங்கள் ஆண்கள் வெளியே கிளம்பினால் கையில் சுமை எடுக்க மாட்டார்கள். குடையோ பையோ ஒரு சீப்பு வாழைப்பழமோ, எதுவானாலும் ஆள் தூக்கி வர வேண்டும். சொந்தக் கையால் தூக்கிப் போனால் பண்ணாடிக்கு என்ன கஷ்டகாலமோ என்று ஊர் கேட்கும். துப்பாக்கியோ நல்ல கனம். ஆக, யாருக்குப் பயந்து வாங்கினாரோ அவன் தோளிலேயே அதைக் கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆகவே தோட்டாக்களைத் தன் இடுப்புப் பெல்ட்டின் பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டார். துப்பாக்கி அவனிடம், தோட்டா இவரிடம். இதில் ரெண்டு பேருமே வெறுங்கை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைத்தார். அப்படியும் மனசு ஆறவில்லை. வழக்கப்படி பண்ணாடி முன்னால், ஆள் பின்னால் போக வேண்டும். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி வருகிறது என்ற நினைப்பில் அவருக்குப் பத்து அடிக்கு ஒரு தரம் கழுத்து திரும்பியது. அவனை முன்னால் போகச் சொன்னார். அவன் குழலைத் தோளில் சாய்த்தபோது அதன் வாய் நேராக அப்பாவின் மூக்குக்கு வந்தது. கடைசியில் வரப்பை விட்டு இறங்கி, கள்ளிச் செடிக்குள் பக்கவாட்டில் நடந்தார். டீக்கடையில் இருந்தவர்கள், பண்ணாடியைப் புடிச்சு ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போறானா என்று கேட்டுச் சிரித்ததை அவனே எங்களிடம் வந்து சொன்னான். அவனுக்கு அந்தத் துப்பாக்கி மேல் ஆசை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். அவன் பெண்டாட்டி, "ஒலக்கையத் தூக்கிட்டு நடக்கறதுக்கு இத்தனை மினுக்கா" என்று திட்டுவாள்.

அட்டப்பாடியில், அகளிக்கு அந்தப் பக்கம் மலங்காட்டில் அப்பா கொஞ்சம் நிலம் பிடித்திருந்தார். எப்படிப் பிடித்தார் என்பது வேறு கதை, அதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆபீசில் கொடுத்த மலையாளக் காகிதங்களை வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் சித்தூரில் காலேஜ் படித்தவள். மண்ணார்க்காட்டில் பஸ் மாறிப் போனோம். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி அவன் மடியில் வைத்திருந்தான். போகிற வழியெல்லாம் அப்பா அவனிடம் தேனொழுகப் பேசினார். மலையில் பெரிய வீடாகக் கட்டித் தருகிறேன், கிணற்று மேட்டை விட்டுவிடு என்று கேட்டார்.

"அங்க யானைதானுங்க குடியிருக்குது. அதுகிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றான் அவன்.

அகளியில் இறங்கி நடந்தோம். வெயில் தாழ்ந்த நேரம். மூங்கில் புதருக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, இடது பக்கம் பள்ளத்தில் ஓடை. ஒரு வளைவில் அவன் நின்றான், கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினான். மூங்கிலுக்குள் முதலில் ஒரு காது தெரிந்தது. பிறகு முழு யானையும் தெரிந்தது. ஒற்றை யானை. இருபது இருபத்தைந்து அடி தூரம் இருக்கும். அது தின்பதை நிறுத்திவிட்டது.

அவன் திரும்பாமலேயே மெதுவாகச் சொன்னான். "பண்ணாடி, ஒரு தோட்டா குடுங்க. மேல பாத்துச் சுட்டாச் சத்தத்துக்குப் போயிருமுங்க."

அப்பா பெல்ட்டில் கையை வைத்தார். பட்டனைக் கழற்றவில்லை. அவர் பக்கத்தில் நான் நின்றிருந்தேன், அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒரு கண் யானை மேல், ஒரு கண் அவன் மேல். எது பெரிய ஆபத்து என்று அந்த மனுஷர் அங்கே நின்று யோசித்தார்.

"குடுங்க பண்ணாடி" என்றான் மறுபடியும்.

அப்பா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு என் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினார். அவரால் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. பின்னால் துப்பாக்கிக் கட்டையால் பாறையில் அடிக்கிற சத்தமும் அவன் கத்துகிற சத்தமும் கேட்டன. எங்கள் பக்கம் யானை வரக்கூடாது என்று கத்தினானா, பயத்தில் கத்தினானா தெரியாது. அவனிடம் நான் கேட்டதில்லை. யானை அவனைப் பார்த்து வந்ததும் அவன் பள்ளத்தில் குதித்துவிட்டான். அது கொஞ்ச நேரம் மேலே நின்றுவிட்டு மூங்கிலுக்குள்ளேயே போய்விட்டது.

விறகுக்கு வந்திருந்த இருளர்கள் நாலு பேர் ஓடையில் இறங்கி அவனைத் தூக்கினார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. அவர்கள் கையில் கயிறும் ஒரு கொடுவாளும் தவிர வேறொன்றும் இல்லை. அதே பாதையில் தினமும் போய் வருகிறவர்கள். சத்தம் அடங்கிய பிறகு என்னோடு திரும்பி வந்த அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு கிட்டே போய்க் கேட்ட முதல் கேள்வி, "துப்பாக்கிக்கு ஒண்ணுமில்லையே?"

கட்டை பிளந்திருந்தது. அதற்காக அவனைத் திட்டினார்.

இருளர்கள் அவனைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எழுந்து நடக்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். இங்கேயே இருந்து காலைச் சரி பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு அப்பா என்னோடு பஸ் ஏறினார். ஊருக்கு வந்ததும் யானையைத் தான் துப்பாக்கி காட்டி விரட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்தில் இருந்த நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை மனசுக்குள் இகழ்ந்துகொள்வதே பெரிய தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது மாதம் நோட்டீஸ் வந்தது. குடிசையை நேரில் பார்க்க ஆபீசர் வருகிறார். அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆள் ஊரில் இல்லாத நேரத்தில் அது வந்ததில் அப்பாவுக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "கூரையப் பூரா மாத்தித் தர்றேன், சட்டி பானையெல்லாம் எடுத்து ரெண்டு நாளைக்கு மாட்டுக் கொட்டகையில வெச்சுக்க" என்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஒழுகிய கூரை. அவள் சாமான்களை எடுத்ததும் குடிசை முழுக்க வைக்கோலை அடைத்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

ஆபீசர் தெற்கே இருந்து புதிதாக வந்தவர், இளவயது. மோரைக்கூட வேண்டாம் என்றார். கிணற்று மேட்டுக்குப் போய்க் குடிசைக்குள் எட்டிப் பார்த்தார், வைக்கோல் இருந்தது. அப்பா ஏதோ சொல்ல வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். அப்பா பொய் சொல்வார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் என் பக்கம் திரும்பி, படித்த பெண்தானே, நீ சொல், இதில் யாராவது குடியிருக்கிறார்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

அவன் பெண்டாட்டி கொட்டகை ஓரத்தில் சாணிக் கூடையோடு நின்றிருந்தாள். பத்தடி தூரம்கூட இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும்.

அப்பா என்னை மிரட்டவில்லை. கண்ணைக்கூடக் காட்டவில்லை. துப்பாக்கி ரிப்பேருக்குப் போயிருந்தது, அந்தச் சாக்கும் எனக்கில்லை. ஒருவரும் இல்லை, அவர்கள் குடும்பத்தோடு அட்டப்பாடிக்குப் போய்விட்டார்கள் என்று நல்ல மலையாளத்தில் சொன்னேன். அவர் அவளைக் காட்டி, அது யார் என்று கேட்டார். சாணி அள்ள வருகிற பொம்பளை, பக்கத்து ஊர் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அவன் கோல் ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தபோது மனு தள்ளுபடி ஆகியிருந்தது. கிணற்று மேட்டில் குடிசை இல்லை, தென்னங்கன்று வைத்துத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். அவன் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தான். அவன் பெண்டாட்டியின் தம்பி இருக்கிற ஊருக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போகிற அன்று காலை அவள் எங்கள் கஞ்சிச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாசலில் நான்தான் இருந்தேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்முணி, அந்த ஆபீசரு வந்தப்ப நான் இங்கியேதானுங்க நின்னுட்டிருந்தேன்."

நான் சட்டியை எடுத்துக்கொண்டேன்.

"இட்லி இருக்குது, சாப்பிட்டுட்டுப் போ" என்றேன்.