திறந்து கிடந்த பேழை

தொண்ணூறுகளில் புதுவயல் பக்கம் ஒரு மாதா கோயிலுக்கு மின்விசிறி மாட்டச் சில நாள் போனேன். அங்கே மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கு ஒட்டிய கன்னம், காதில் நரைமுடி. பீடத்தில் நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழைக்கு முன்னால் எரியும் சிவப்பு விளக்குக்கு எண்ணெய் விட்டபின், முதுகைக் காட்டாமல் வாசல்வரை பின்னோக்கியே நடந்து வருவார்.

"பெட்டிக்குள்ள ஆண்டவர் இருக்காக தம்பி," என்பார்.

நான் ஐயனாரைக் கும்பிடுகிறவன்; உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். ஆனாலும் ஏணியில் நிற்கையில் யாரோ பார்ப்பதுபோல் முதுகு கூசும்.

மறந்துவிட்டு வந்த ஸ்பேனரை எடுக்கப் புனித வெள்ளி காலையில் மறுபடி போனேன். விளக்கு அணைந்திருந்தது. பேழை திறந்து, காலியாகக் கிடந்தது. கோயில்பிள்ளை அதற்கு முதுகைக் காட்டி என்னிடம் நேராக நடந்து வந்தார்.

"இன்னைக்குப் பயமில்லையா ஐயா?"

"ஆண்டவர் செத்த நாளு தம்பி. நற்கருணைய எடுத்துட்டாக, உள்ள யாருமில்ல." குரலைத் தாழ்த்தினார். "அவுக இருக்கையில பயந்தது ஒரு பயமா? கொஞ்ச நேரம் கூட இருந்துட்டுப் போங்க. தனியா இருக்க முடியல."

இருந்தேன். கிளம்பும்போது அந்த வெறும் பெட்டிக்கு முதுகைக் காட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. வாசல்வரை பின்னோக்கியே நடந்து வந்தேன்.