அச்சில் நின்ற புள்ளிக்கோடு

ஆபீசில் அவளுக்கு 'விரிவாக்கம்' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். தலை மறைந்ததும், "விரிவாக்கம் டீ குடிக்கப் போயிருச்சு" என்று சிரிப்பார்கள். அவளுக்கும் தெரியும். இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிக்கும் கம்பெனியில், மூன்றெழுத்துச் சுருக்கங்களோடு பதினோரு வருஷமாக மாரடிக்கிறவளுக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்?

எஞ்சினியர்கள் எதையும் முழுசாக எழுத மாட்டார்கள். ஒரு திருகாணிக்குக்கூட மூன்றெழுத்தில் செல்லப்பெயர் வைத்துத் தள்ளிவிடுவார்கள். படிக்கிறவருக்குப் புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன! அவள்தான் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து, கம்ப்யூட்டர் கோப்பில் அதைச் சுற்றி ஒரு குறி போட்டு, அதற்குள் முழுப்பெயரை எழுதி வைப்பாள். இணையப் பக்கத்தில் சுருக்கத்தின் அடியில் ஒரு புள்ளிக்கோடு தெரியும். மவுஸை மேலே கொண்டுபோனால் முழுப்பெயர் எட்டிப்பார்க்கும். காகிதத்தில் எதுவும் எட்டிப்பார்க்காது. அதனால் அதே கோப்பு அச்சுக்குப் போகும்போது கோட்டை எடுத்துவிட்டு, முழுப்பெயரைப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் நிறுத்த வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சுக் கருவி ஒன்றின் கையேட்டில் வம்பு வந்தது. அடைப்புக்குறிகளோடு ஐம்பது பக்கம். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலு நாலாகத்தான் வளரும், ஆக ஐம்பத்திரண்டு. கருவிப் பெட்டியில் கையேடு செருகுகிற இடுக்கோ நாற்பத்தெட்டுக்கு மேல் கொள்ளாது.

"அடைப்புக்குறியெல்லாம் தூக்கிடுங்க," என்றார் மேனேஜர்.

"தூக்கிட்டா யாருக்கு சார் புரியும்?"

"அதான் எல்லாத்தையும் மார்க் பண்ணி வச்சிருக்கீங்களே."

"அது ஸ்கிரீனுக்கு சார். பேப்பர் மேல மவுஸ் வைக்க முடியுமா?"

"அடியில கோடு வருதில்ல? அது இருக்கட்டும். பாக்க நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கு மண்டை காய்ந்தது. எச்சரிக்கைகளுக்கு மட்டுமாவது விட்டுவைக்கலாம் என்றாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக, "முன்னாடி ரெண்டு பக்கத்துக்குச் சேர்மன் உரை இருக்கே, அதை எடுத்தா சரியா நாப்பத்தெட்டு," என்றாள்.

"சேர்மன் உரையையா?" மனிதர் பதறிப்போனார். மூச்சுத் திணறுகிறவர் வீட்டில் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

நாலு மணிக்கு அச்சகத்திலிருந்து ஆள் வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போடாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு வாய் வலித்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம் வெளியூரிலிருந்து அக்கா போன் செய்தாள். அத்தான் முந்தைய நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். கூடவே ஒரு கருவியும்.

"அடியே, மிஷின் கத்திக்கிட்டே இருக்கு. செவப்பா எம்.எல்.டபிள்யூன்னு வருது. அவருக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரில போனை எடுக்க மாட்டேங்கறாங்க!"

"புக்கு இருக்காக்கா?"

"இருக்கு. 'எம்.எல்.டபிள்யூ வந்தால் எம்.எஃப்.சி செய்யவும்'னு போட்டிருக்கு. நான் என்னத்தடி செய்ய?"

அவள் கையெழுத்துப் போட்ட அதே கையேடு. முப்பத்தோராம் பக்கம். பார்க்காமலே தெரிந்தது.

"அது மாஸ்க் லீக் வார்னிங்க்கா. முகத்துல மாட்டியிருக்கிற மாஸ்க் ஓரத்துல காத்து கசியுது. கழட்டிட்டு, மூக்கோட ஒட்டி உக்கார்ற மாதிரி திரும்ப மாட்டு. பட்டையை ரெண்டு பக்கமும் சமமா இழு."

ரொம்ப நேரம் போல இருந்தது. கருவியின் அலறல் சட்டென்று நின்றது. அத்தானின் மூச்சு சீராவதை அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"இதைச் சொல்றதுக்கு என்ன கேடு அந்தப் புக்குக்கு? ஒவ்வொரு எழுத்துக்கடியிலயும் புள்ளி புள்ளியா கோடு போட்டிருக்கான். தொட்டா ஏதாவது வரும்போலன்னு விரலை வச்சு வச்சு அழுத்திப் பாத்தேன்டி, பைத்தியக்காரி மாதிரி. நீயும் இந்த வேலைதான பாக்குற? எவன்டி இதையெல்லாம் பாத்து சரின்னு அனுப்புறது?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"நான்தான்க்கா," என்றாள்.