குற்றாலத்தில் காத்திருந்த கார்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் தென்காசி பஸ் ஏறினேன். சாரலுக்குக் குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் மாற்றுத்துணி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் தொடர்கதை எழுதுகிறவள். என் நாயகிகள் கல்யாணமானவர்கள், மனசு ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம். எல்லாம் இந்த ரகம்தான். கடைசிக் கதையில் நாயகி காதலித்தவனோடு போய்விடுவாள். அதைப் படித்துவிட்டு, ரொம்ப நாளாக என்னோடு பேசிப் பழகிய வாசகி கோமதி முந்தாநாள் போன் செய்தாள். மேலகரத்துக்காரி, புருஷன் துபாயில். "நானும் போகப்போறேன்க்கா. கூடப் படிச்சவரு சனிக்கிழமை குத்தாலத்துக்குக் கார் கொண்டு வாராரு."

நான் வரும்வரை எங்கேயும் போகாதே என்றேன். எழுதினவள் நானாயிற்றே, பயம் இருக்காதா?

ஏழே முக்காலுக்குத் தென்காசி. அங்கிருந்து ஆட்டோ, இருநூறு ரூபாய். "தண்ணி நல்லா விழுதுக்கா," என்றார் ஓட்டுநர். கோமதி மாமியாரோடு இருக்கும் மேலகரத்தைத் தாண்டும்போது அவளுடைய நாலு வயது மகள் எந்த வாசலிலாவது நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

பேரருவியில் பெண்கள் பக்கம் கோமதி நின்றாள். "கார் அங்கன நிக்குது. குளிச்சிட்டு முடிவு பண்ணுதேன்," என்றாள்.

அருவி சங்கிலியை அறுத்துவிடும் என்று, கூட்டாக வரும் பெண்களில் ஒருத்தி நனையாமல் எல்லார் நகையையும் வாங்கி வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். கோமதி தாலிச் சங்கிலியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீருக்குள் போனாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். அடிப்பாவி, அப்படியே கார் ஏறிவிட்டால் இதை யாரிடம் போய்க் கொடுப்பேன்?

வந்தாள். சங்கிலியைக் கேட்கவில்லை. கடைப் பக்கம் ஒதுங்கி, ஈரத்தோடு புருஷனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நான் வீட்டை விட்டுப் போகப்போறேன். ஒருத்தரு இங்கன காத்துட்டிருக்காரு. உங்கள்ட்ட சொல்லாமப் போக மனசில்ல."

என் கதைகளில் ஒரு பெண்டாட்டியும் இப்படிக் கூப்பிட்டதில்லை. புருஷன் என்ன சொல்வான் என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னைக்குப் போகாத, கோமு. லீவு கேட்டு வாரேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அப்பவும் போகணும்னா நானே கொண்டு விடுதேன்."

"மூணு வருசமா வாரேன் வாரேன்னுதான் சொல்லுதிய," என்றாள். "சரி. வாங்க. அதுவரைக்கும் இருக்கேன்."

காருக்குத் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கார் கிளம்பிப் போயிற்று.

திரும்பும் ஆட்டோவில் சங்கிலியை நீட்டினேன். வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"சங்கிலி எங்கேன்னு உன் மாமியார் கேட்டா?"

மேலகரத்தில் ஆட்டோ நின்றது. "அவரு வந்து கழுத்துல கெட்டுனா போட்டுக்கிடுதேன்னு சொல்லுவேன்," என்று இறங்கினாள்.