வாய் கொப்பளித்துவிட்டு வந்தவர்

அவருடைய மூச்சை மூன்று முறை எடுத்தேன். முதல் இரண்டையும் எறியவேண்டி வந்தது.

நான் அப்போது ஆராய்ச்சி உதவியாளர். காலையில் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய், நெஞ்சு நோய் கிளினிக்கின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். நோயாளிகள் ஒரு பையை ஊதி நிரப்புவார்கள். அந்த மூச்சைச் சிறிய குழாய் ஒன்றில் அடைத்துக் கொடுத்தால், அதிலுள்ள சேர்மங்களை எங்கள் ஆய்வுகூட இயந்திரம் பிரித்துக் காட்டும். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களின் மூச்சு மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

அவர் கொட்டாஞ்சேனைக்காரர். கொழும்புத் துறைமுகப் பண்டகசாலையில் மூட்டை தூக்கியவர். இருமல் விடாததால் டொக்டர் பயாப்சிக்கு நாள் குறித்திருந்தார். முதல் நாள் பையை ஊதியபோதே புதினா வாசம் அடித்தது.

"ஐயா, ஒண்டும் சாப்பிடாம, பல்லுத் தீட்டாம வாங்கோ எண்டு சொன்னனான் தானே?"

"பல்லு விளக்கல்ல மிஸ். மருந்து போட்டு வாய் கொப்பளிச்சேன், அவ்வளவுதான்."

அடுத்த வாரம் கராம்பு மென்றுவிட்டு வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "நான் என்ன விளையாட்டுக்கா இதில இருக்கிறன்? இந்தப் பையும் வீண்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சின்ன வயசிலருந்து பீடி குடிச்ச வாய், மிஸ். படிச்ச பிள்ளைக்கு முன்னால அந்த நாத்தத்தோட எப்படி ஊதுறது?"

கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. "அந்த நாத்தமும் சேர்த்துத்தான் ஐயா எங்களுக்கு வேணும்" என்றேன். அவர் சிரிக்கப்போய் இருமினார்.

மூன்றாம் முறை சொன்னபடியே வந்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊதினார். முடிந்ததும் கேட்டார்: "இப்ப சொல்லுங்க மிஸ். இருக்கா, இல்லையா?"

"இதில அது தெரியாது ஐயா. இது ஆராய்ச்சி. பயாப்சிதான் சொல்லும்."

"அப்ப நான் எதுக்கு மூணு தரம் ஊதினேன்?"

"பிறகு வாற ஆக்களுக்காக" என்றேன். சம்மதக் கையெழுத்து வாங்கும்போதே இதையெல்லாம் விளக்கியிருந்தேன். ஆனாலும் என் பதில் எனக்கே போதவில்லை.

அந்த வாரமே இயந்திரம் பழுதானது. வெளிநாட்டிலிருந்து ஒரு பாகம் வரவேண்டும் என்றார்கள். கேட்கும்போதெல்லாம் "அடுத்த கிழமை". குழாய்கள் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தன. அதற்குள் பயாப்சி முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். பாகம் வந்து இயந்திரம் ஓடத் தொடங்கியபோது, என் மேற்பார்வையாளர் பட்டியலில் ஐயாவின் குழாய் எண்ணை வெட்டினார். வைத்திருக்கக்கூடிய காலம் கடந்துவிட்டதாம். நான் வாதாடிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் சொன்னதுதான் சரி. அதுதான் இன்னும் ஆத்திரம்.

சில வாரங்களின் பின் ஐயாவைக் கிளினிக் வரிசையில் கண்டேன். மருந்து ஏற்றி முடி கொட்டியிருந்தது.

"என்ட மூச்சு என்ன சொல்லிச்சு மிஸ்?"

மறைக்க மனம் வரவில்லை. "கனநாள் வச்சதில பழுதாப் போச்சு ஐயா. எங்கட பிழை."

முடி கொட்டிய தலையைத் தடவிக்கொண்டார். பிறகு, "பரவால்ல. அப்ப இன்னொரு தரம் ஊதித் தரவா?" என்றார்.

சிகிச்சை தொடங்கியவர்களின் மூச்சை எடுக்கக்கூடாது என்பது விதி. அதையும் நான்தான் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது.