இங்குன் சத்தத்துக்குப் போகமாட்டார்

கூச்சல் கேட்டால் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். இங்குன் எதிர்ப்பக்கம் நடப்பார். அன்று காலை ஏழாம் படுக்கையிலிருந்த முதிய மீனவர் ஹால்வார் சலைன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "வலையை இழுங்கடா சோம்பேறிகளா" என்று வார்டையே மீன்பிடிப் படகாக்கியிருந்தார். இரண்டு செவிலியரும் இளம் மருத்துவர் எஸ்பெனும் ஆளுக்கொரு கைகாலைப் பிடித்துத் தொங்கினார்கள். இங்குன் தன் பருத்த உடம்பை அசைத்து அசைத்து மூன்றாம் படுக்கைக்குப் போனார்.

மேற்கு நார்வேயின் கடலோர ஊர் ஒன்றில், முதியோர் வார்டில் இருபத்தாறு வருடமாகச் செவிலி அவர். நோயாளிகளுக்கு மிட்டாய் தரக்கூடாது என்ற அறிவிப்பின் கீழே நின்றுதான் உப்பு மிட்டாய் விநியோகிப்பார். மறதிநோய்க்காரர்களுக்குத் திடீரென்று சித்தம் கலங்குவதைப் பற்றி அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு.

"ஆம்பளைக்குக் கலங்கினா கட்டிலை உடைப்பான், பத்து பேர் ஓடிவருவாங்க. பொம்பளைக்குக் கலங்கினா சத்தமில்லாம கிடப்பா, நல்ல நோயாளின்னு பேர் வாங்குவா. மாத்தியும் நடக்கும், ஒரு பாட்டிகிட்ட கைத்தடியால அடி வாங்கியிருக்கேன். ஆனா பாதி நாள் இதான்."

மூன்றாம் படுக்கையில் ஒட்னி, எண்பத்து நான்கு வயது மூதாட்டி. இடுப்பெலும்பு அறுவைக்கு வந்தவர். குறிப்பேட்டில், 'அமைதி. ஒத்துழைக்கிறார்.' ஊட்டிய கஞ்சி வாயிலேயே நின்றது. விரல்கள் போர்வையில் இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டிருந்தன. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார் இங்குன். வெள்ளியைத் தாண்டுவதற்குள் கண் சொருகிவிட்டது.

"எஸ்பென், இங்க வாங்க."

"அவங்க சாதுவாத்தானே இருக்காங்க?"

"நேத்து என்னைக் கொழுத்த கடல்நாய்னாங்க. இன்னிக்கு நன்றிங்கறாங்க. உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சு."

எஸ்பென் சிரித்தார். இங்குன் திரும்பிப் போய் அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் மூன்றாம் படுக்கைவரை இழுத்து வந்தார். ஒட்னியின் முதுகில் அதை வைத்ததும் எஸ்பெனின் சிரிப்பு நின்றது. நுரையீரலில் சளி கட்டி நிமோனியா.

"இன்னும் ஒரு நாள் போயிருந்தா..." என்றார்.

"போகலையே. ஊசியைப் போடுங்க."

மதியத்துக்குள் ஆக்ஸிஜனும் மருந்தும் ஏறின. ஹால்வாருக்கு இருந்தது மூத்திர அடைப்பு. குழாய் போட்டதும் படகு கரை சேர்ந்து, அவர் குறட்டை விட்டார். ஒட்னி மூன்று நாள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் கிடந்தார். அந்த மூன்று நாளும் இங்குன் யாரிடமும் மிட்டாய்ப் பேச்சே எடுக்கவில்லை.

நான்காம் நாள் மாத்திரை ஊட்டும்போது ஒட்னி இங்குனின் விரலை நறுக்கென்று கடித்துவிட்டார். இங்குன் கையைக் கழுவக்கூட இல்லை. தாழ்வாரம் முழுக்க நடந்துபோய், பல் பதிந்த விரலை, நிச்சயதார்த்த மோதிரம் காட்டுகிறவளைப் போல, எஸ்பெனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.