பேர் வைக்காத மேடு

மந்தாரக்குப்பத்தைத் தாண்டி ஒரு மலையில் ஏறிக்கொண்டிருக்கிறேன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மலை இது. வரைபடத்தில் இதன் எந்தப் பகுதிக்கும் பெயரில்லை. உச்சியில் ஆடு மேய்க்கும் செல்வி என்ற பெண்ணிடம் இறங்க வழி கேட்கிறேன்.

"ஏரிக்கரை வழியா எறங்குங்க. களத்துமேட்டாண்ட போனா சறுக்கும்."

ஏரியும் இல்லை, களமும் இல்லை. சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. நான் விழிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"சொரங்கத்துக்குப் போன பக்கத்து ஊரு ஏரிக்கரை மண்ணு இங்கதாங்க வந்து வுழுந்துச்சு. எங்க வூட்டுக்காரரு அப்ப இங்க கான்ட்ராக்ட்டு வேலை. எந்த எடத்து மண்ணை எங்க கொட்டுனாங்கன்னு ஷிப்ட்டு முடிஞ்சு வந்து சொல்லுவாரு. அந்தப் பேரையேதான் சொல்லிக்கினு இருக்கோம்."

நோட்டை எடுத்து எழுதுகிறேன். முந்திரித்தோப்பு, அய்யனார் மேடு என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். கிழக்கே ஓரிடம் மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது. அதன் பெயரைக் கேட்கிறேன்.

"அதுக்குப் பேரு இல்லைங்க. எங்க ஊரையும் தோண்டுனா அந்த மண்ணைக் கொட்டுறதுக்குன்னு சொரங்கத்துக்காரங்க வுட்டு வெச்சிருக்காங்க."

கம்மாபுரம் பக்கம் கையை நீட்டுகிறார். அங்கே நெல்வயல் பச்சையாகத் தெரிகிறது. எப்போது கொட்டுவார்கள் என்கிறேன்.

"நாங்க நெலத்தைக் குடுத்தாதானங்க? அது பேரில்லாமலேதான் கெடக்கும். எழுதிக்குங்க."